சூசையும் யோசேப்பும்

‘வேரும் விழுதும்’ தொடர் – 17

1544ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தார் பிரான்சிஸ் சேவியர். நம் மக்கள் வாயில் அவர் சவேரியார். அடுத்த சனவரியில் கொச்சியிலிருந்து அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அதில் சொல்கிறார். வேலை நடந்த விதத்தையும் விவரிக்கிறார். முதலில் ஆண்களைக் கூட்டி, வேதத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்து ஞானஸ்நானம் கொடுப்பார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்களையும் பிள்ளைகளையும் அனுப்புவார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரைக் கைப்பட எழுதிக் கொடுப்பார்.

பத்தாயிரம் பேருக்குப் பத்தாயிரம் சீட்டு. காலையில் வலை இழுக்கப் போனவர் மாலையில் வேறொரு பெயரோடு வீடு திரும்பியிருக்கிறார். அந்தப் பெயரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சீட்டில் இருந்ததைப் படிக்கத் தெரிந்தவர்களும் அந்தக் குப்பங்களில் சொற்பம்.

முன்னோரின் பெயரை வைத்து அவருடைய மதப் பின்னணியைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. முடியும், ஓரளவுக்கு. ஆனால் அந்தப் பெயரை எழுதிய கை யாருடையது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பொறுத்தவரை போர்த்துக்கீசியக் கை, மதுரை மிஷன் கை, தரங்கம்பாடிக் கை, அமெரிக்கக் கை எனப் பல கைகள் எழுதியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து உண்டு.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் வேதத்தில் சேர்ந்தது சவேரியார் வருவதற்கு முன்பே, 1535க்கும் 1537க்கும் இடையில். ஞானத்தகப்பனாக நின்றவர்கள் போர்த்துக்கீசியர்கள். அதனால் ஞானஸ்நானப் பெயரோடு குடும்பப் பெயரும் கடல் கடந்து வந்தது. பெர்னாண்டோ, கோமஸ், மச்சாது, ரொட்ரிகோ, வாஸ் என்று இன்றும் தூத்துக்குடியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர்கள் நம்மவர்கள்தான். பெண்களில் கித்தேரி, இசபேல், கத்தரீனாள். தஸ்நேவிஸ் என்ற பெயரை வேறெங்காவது கேட்டால் அந்தக் குடும்பத்தின் வேர் தூத்துக்குடியில் இருக்கும் என்று தயங்காமல் ஊகிக்கலாம். அங்குள்ள பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரின் பின்பாதி அது. அதே மாதாவின் தமிழ்ப் பெயரைத் தாங்கிய பனிமயங்களும் அந்தக் கரையில் உண்டு.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் கத்தோலிக்கத்துக்கு எதிரான சீர்திருத்த சபையார். பால்தேயுஸ் என்ற டச்சுப் பாதிரியார் பரதவர்களைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தார், நடக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் டச்சுக் கொடி பறந்த ஊரில், பெயர்கள் போர்த்துக்கீசிய ஒலியிலேயே தொடர்ந்தன. அங்கே பெயர் உண்மை பேசுகிறது.

அதே 1658இல் யாழ்ப்பாணமும் டச்சுக்காரரிடம் போனது. அங்கே கதை தலைகீழ். உத்தியோகம் வேண்டுமா, கல்யாணத்தைப் பதிய வேண்டுமா, சொத்தில் பிள்ளைகளுக்கு உரிமை வேண்டுமா, டச்சுச் சபையின் பதிவில் பெயர் இருக்க வேண்டும். சென்ற அத்தியாயங்களில் பார்த்த, டச்சுக்காரரின் பதிவேடுகளான தோம்புகளில் கிறிஸ்தவப் பெயர்கள் மண்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். பதிவில் ஒரு பெயர், வீட்டில் விபூதி. 1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயரிடம் போனதும், கட்டாயம் போய், அந்தப் பெயர்களின் பெரும்பகுதியும் மாயமாகிவிட்டது. தோம்பில் ஒரு ஞானஸ்நானப் பெயரைக் கண்டு “எங்கள் பாட்டன் புரொட்டஸ்டன்ட்” என்று எழுதிவிடுகிறவர்கள், அந்தக் காலத்து நிர்வாகத்தைப் படிக்காதவர்கள்.

கத்தோலிக்கப் பெயருக்கு ஒரு விதி உண்டு. திரெந்து பொதுச்சங்கத்தின் அடியாக 1566இல் வந்த மறைக்கல்வி நூல், குழந்தைக்குப் புனிதர் ஒருவரின் பெயரைச் சூட்டச் சொன்னது. தமிழில் அந்தப் புனிதர்களின் கதைகள் வெகு சீக்கிரமே வந்துவிட்டன. புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ எல்லோருக்கும் தெரியும். 1586இல் அவர் கொண்டுவந்த ‘அடியார் வரலாறு’ அதைவிடப் பல மடங்கு பெரியது. புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் வாரியாகச் சொல்லும் நூல். முத்துக்குளித்துறைக்கு அது பெயர்க் களஞ்சியமாகவும் பயன்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

இந்தத் திருநாள் வரிசையில் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. பிறந்த நாளையொட்டிய புனிதரின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்த இடங்களில், பெயரே பிறந்த மாதத்தைக் காட்டிக்கொடுக்கும். சூசை என்றால் மார்ச் 19 பக்கம். அந்தோணி, ஜூன் 13. பனிமயம், ஆகஸ்ட் 5. ஆரோக்கியம், செப்டம்பர் 8. மிக்கேல், செப்டம்பர் 29. சவரிமுத்து, டிசம்பர் 3. முடியப்பன் பிறந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாளாக இருக்கலாம், அருளப்பன் அதற்கும் மறுநாள். இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் ஒரே நாளில், ஜூன் 29இல் திருநாள். அண்ணன் தம்பிக்கு இந்த இரண்டு பெயரும் ஜோடியாக வந்தால் இரட்டைப் பிள்ளைகளா என்று பதிவேட்டில் பார்ப்பது நல்லது. அந்தோணி மட்டும் இந்தக் கணக்கில் நம்பத்தக்கவர் இல்லை. எந்த மாதத்தில் பிறந்த பிள்ளையானாலும் அவர் பெயரை வைத்துவிடுவார்கள்.

இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், முடியப்பர் ஆகிய பெயர்கள் கடற்கரையின் போர்த்துக்கீசிய ஒலிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன பாருங்கள்! இது உள்நாட்டுக் கை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தம்மைப் பரங்கியிடமிருந்து பிரித்துக் காட்டப் படாத பாடு பட்டார். காவி கட்டினார், புலால் விட்டார், தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். வேதத்தில் சேர்ந்தால் பரங்கியாகிவிடுவோம் என்று மதுரை மக்கள் நினைக்கிறவரை ஒருவரும் வரமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. அந்த மதுரை மிஷன் வழியில் வந்தவர்களின் பெயர்கள் எல்லாமே தமிழுக்குள் கரைந்தன. ஜான் தெ பிரிட்டோ அருளானந்தரானார். கொன்ஸ்டன்சோ பெஸ்கி முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். புனிதர்களும் அப்படியே. ஸ்தேவானின் பெயருக்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள், அதனால் முடியப்பர். பவுலின் பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். பீட்டர் என்றால் பாறை. தெலுங்கில் கல்லுக்கு ராயி என்பதால் இராயப்பர் என்று விளக்கம் சொல்வதுண்டு. நாயக்கர் ஆண்ட மதுரையில் தெலுங்கு எட்டிப் பார்த்ததில் அதிசயமில்லை.

ஆனால் இந்தக் கரைதலே இன்று தேடுபவருக்குத் தலைவலி. சின்னப்பன் கத்தோலிக்கப் பெயர்தான். ஆனால் முருகனை விட்டால் வேறு தெய்வம் அறியாத சாண்டோ சின்னப்பா தேவரும் சின்னப்பாதான். ராயப்பன், அருளப்பன், பாக்கியம், பிச்சை, அடைக்கலம் என்ற பெயர்களை எந்த மதத்து வீட்டிலும் கேட்கலாம். இப்படிப்பட்ட ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதக் கூடாது. கூடப் பிறந்தவர்களின் பெயரையும் பாருங்கள். அடைக்கலத்தின் தம்பி இன்னாசிமுத்து என்றால், அது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் அடைக்கலம். தம்பி கருப்பையா என்றால் வேறு கதை.

ஒரே ஒரு பெயரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அதிகாரி. குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைத்தளபதியான டிலனாய் என்பவரிடம் பைபிள் கதைகள் கேட்டார். டிலனாய் டச்சுக் கம்பெனியின் ஆள், ஆனால் கத்தோலிக்கர். நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்துக்குப் போய் இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். வைத்த பெயர் லாசர். அதைத் தமிழாக்கித் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாள் தெரேசா ஆனார், தமிழில் ஞானப்பூ. 1752இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை நீக்கிவிட்டது. பிறந்தபோது ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று, அதன் தமிழ் வடிவம் ஒன்று, சாதி ஒட்டோடு ஒன்று, ஒட்டில்லாமல் ஒன்று. ஒரே மனிதரைத் தேடுபவர் இத்தனை பெயரிலும் தேட வேண்டும்.

இந்தத் தேவசகாயம் கத்தோலிக்கர். ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் திருநெல்வேலிப் பதிவேடுகளில் வரும் தேவசகாயங்களில் புரொட்டஸ்டன்டுகள் ஏராளம். ஆக, பொருள் பொதிந்த தமிழ்ப் பெயரை வைத்துச் சபை பிரிப்பது நடக்காது. இதற்கு இலக்கிய வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இரண்டு வேதநாயகங்கள். ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, சுவிசேஷக் கவிராயர், முழு புரொட்டஸ்டன்ட். மற்றவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), முன்சீப், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர், கத்தோலிக்கர். பெயரில் இம்மியும் வித்தியாசமில்லை. மாயூரத்தாரின் தகப்பனார் பெயரைப் பார்த்தால்தான் பிடிபடும்: சவரிமுத்துப் பிள்ளை. சவேரியாரைக் கும்பிடாத சபையில் சவரிமுத்து பிறப்பதில்லை.

தரங்கம்பாடிக் கைக்கு வருவோம். 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். லுத்தரன் சபையில் புனிதர் வணக்கம் கிடையாது. புனிதர் இல்லை என்றால் பெயருக்கு எங்கே போவது? பைபிளுக்குத்தான். அதிலும் பழைய ஏற்பாடு பெரிய ஊற்று. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, தாவீது, தானியேல், சாமுவேல், எஸ்தர், ரூத், ரெபேக்காள், ராகேல் எல்லோரும் தமிழ் வீடுகளுக்குள் வந்தார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். கால்வினின் ஜெனீவாவில் 1546இல் ஒரு தகப்பன் தன் மகனுக்குக் குளோது என்று பெயர் கேட்டார். பக்கத்து மலையில் கோயில் கொண்ட புனிதரின் பெயர் அது. பாதிரியார் அதைக் காதில் வாங்காமல் ஆபிரகாம் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கோயிலுக்குள்ளேயே ரகளை. அதே ஆண்டு தடைசெய்த பெயர்களை வரிசைப்படுத்தி நகரசபை ஒரு சட்டமே போட்டது. நம் பக்கம் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. உபதேசியாரின் கையில் இருந்த புத்தகமே போதுமாக இருந்தது.

தரங்கம்பாடியின் முதல் இரண்டு தமிழ்ப் போதகர்களின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வர் ஆரோன், 1733இல் குருப்பட்டம் பெற்றவர். கடலூர்க்காரர், சைவக் குடும்பம், பிறந்தபோது ஆறுமுகம். 1718இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். ஆறுமுகத்துக்கும் ஆரோனுக்கும் தொடக்க ஒலி ஒத்துப்போனது தற்செயலாகவும் இருக்கலாம்; மோசேயின் அண்ணன், முதல் ஆசாரியன், என்ற பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாமவர் 1741இல் பட்டம் பெற்ற தியோகு. இது போர்த்துக்கீசியப் பெயர். லுத்தரன் போதகருக்குப் போர்த்துக்கீசியப் பெயர் எப்படி வந்தது? அவருடைய பெற்றோர் கத்தோலிக்கர்கள். சபை மாறினாலும் குழந்தையில் வைத்த பெயர் மாறவில்லை. ஆரோன் என்ற பெயர் அவர் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டுகிறது, தியோகு என்ற பெயர் அவர் புறப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. குடும்ப மரம் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கே பெயர் வைத்தார்கள். சுந்தரானந்தம் என்பவர் ஞானஸ்நானத்தில் தாவீது ஆனார். அவர் முன்னின்று 1799இல் எழுப்பிய ஊர் முதலூர். பிறகு நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம். அந்தப் பக்கம் ஒருவர் இயேசுவடியான் என்றால் புரொட்டஸ்டன்ட், சேசுராசு என்றால் கத்தோலிக்கர். ஒரே இயேசுதான், முதல் எழுத்துத்தான் வேறு. யோசேப்பும் சூசையும் அப்படியே. யோவானும் அருளப்பரும், பேதுருவும் இராயப்பரும், பவுலும் சின்னப்பரும் அப்படியே. பழைய பதிவேட்டில் இந்த ஜோடிகளில் எது இருக்கிறது என்று பார்த்தால் பத்துக்கு ஒன்பது இடத்தில் சபை தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கை எழுதிய பெயர்கள்தான் எல்லாவற்றிலும் விசித்திரமானவை. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. மாணவனின் படிப்புச் செலவை அமெரிக்காவில் இருக்கும் ஒரு தருமவான் ஏற்றுக்கொண்டால் அவர் விரும்பும் பெயரைப் பையனுக்கு வைப்பார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை எல்லாம் அப்படி வந்த பெயர்கள். இவர்கள் சாமானியர்கள் இல்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரில் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. ஆர்னோல்ட் எழுதிய ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வந்தது. ஆனால் கரோல், நெவின்ஸ் என்ற பெயர்களில் மத நம்பிக்கையைத் தேடுவது வீண். கடலுக்கு அப்பால் ஒருவர் அனுப்பிய பணத்துக்கான ரசீது அது. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் போர்டிங் பள்ளிகளிலும் இந்த வழக்கம் இருந்தது. உங்கள் கொள்ளுப்பாட்டிக்குக் காரணம் தெரியாத ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தால், வெள்ளைக்கார ரத்தம் என்று கதை கட்டுவதற்கு முன் போர்டிங் பள்ளிப் பதிவேட்டைத் தேடுங்கள்.

இதற்கு எதிர்முனையில் நிற்கிறவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் கிறிஸ்தவரானார். ஞானஸ்நானப் பெயர் ஹென்றி ஆல்பிரட். அதை இரண்டு எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துவிட்டுக் கிருஷ்ணனாகவே ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். பேரப்பிள்ளைகள் வெறும் ‘கிருஷ்ண பிள்ளை’ என்ற கையெழுத்தை மட்டும் பார்த்தால் என்ன முடிவுக்கு வருவார்கள்? முன்னெழுத்தை விரித்துப் பார்க்காமல் எந்தக் கிறிஸ்தவப் பெயரையும், கிறிஸ்தவமல்லாத பெயரையும் நம்பக் கூடாது.

சில பெயர்கள் மதத்தோடு காலத்தையும் சொல்லும். லூர்துசாமி என்ற பெயர் 1858க்கு முன் இருக்க முடியாது. அந்த ஆண்டில்தான் பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் செய்தி பரவியது. 1870களில் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதா கோயில் எழுந்ததும் இந்தப் பெயர் நம் பக்கம் பெருகியது. குழந்தை தெரேசா என்றால் பெரும்பாலும் 1925க்குப் பிறகு. லிசியூவின் தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது அந்த ஆண்டு. பாத்திமா மேரி என்ற பெயரைப் பார்த்ததும், முஸ்லிம் பாட்டி ஒருத்தி இருந்திருப்பாள் என்று சிலர் துள்ளுகிறார்கள். போர்ச்சுகலில் பாத்திமா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 1917இல் நடந்த காட்சியின் பெயர் அது. 1700களைச் சேர்ந்தது என்று காட்டப்படும் வம்சாவளியில் லூர்தம்மாள் வந்தால், அந்தக் காகிதம் பிற்காலத்தில் யாரோ எழுதியது.

நேர்த்திக்கடன் பெயர்களையும் கழித்துவிட வேண்டும். வேளாங்கண்ணிக்கு நேர்ந்து பிறந்த இந்துப் பிள்ளை ஆரோக்கியம். நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்து பிறந்த பிள்ளை நாகூரான். இவர்கள் வீட்டில் யாரும் மதம் மாறவில்லை. பிள்ளை நிலைக்க வேண்டும் என்ற ஒரே கவலைதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

என் அனுபவத்தில், ஆண்களின் பெயரைவிடப் பெண்களின் பெயர்தான் குடும்பத்தின் பழைய தடத்தை நன்றாகக் காட்டுகிறது. ஆணின் பெயர் பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் மாறிப்போகும். மரியாயி, சவரியம்மா, கித்தேரி என்று கூப்பிட்ட பாட்டிகளின் பெயரை யாரும் திருத்தவில்லை. பெயரன் யோசேப்பு ஆன பின்பும் பாட்டி சூசையம்மாளாகவே இருந்திருக்கிறாள்.

இந்த அடையாளங்களும் இனிமேல் உதவாது. 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இராயப்பர் பேதுரு ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், சூசையப்பர் யோசேப்பு ஆனார். இன்று பிறக்கும் குழந்தைக்கு வைக்கும் பெயரில் சபையைப் படிக்க வழியில்லை. அதனால் குடும்ப வரலாறு எழுத உட்காரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஞானஸ்நானச் சீட்டு கையில் இருந்தால் பிள்ளையின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். பெற்றோரின் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர், எழுதிய குருவின் பெயர், கோயிலின் பெயர் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி, அந்தக் கால எழுத்திலேயே படியெடுத்து வையுங்கள். ‘சூசை’யை ‘ஜோசப்’ என்று திருத்தி எழுதாதீர்கள்.

(அடுத்த இதழில்: கல்லறைக் கல்வெட்டுகள்)